சாலைக்கும் சம்ப்புக்கும் நடுவே நாலு விரல்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பிழைக்கிற தொழில் எங்களுடையது. வாடிக்கையாளரின் முகம்கூட மறந்துபோகும், அவர் வண்டியின் வயிறு மறக்காது.

அபுதாபி முசஃபாவில் ஒரு கராஜில் பதினாறு வருடமாக வெல்டராக இருக்கிறேன். பெயர் செல்லையா, ஊர் அறந்தாங்கிப் பக்கம். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சட்டிக்கு சம்ப் என்று பெயர். அது உடைந்தால் ஆயில் முழுக்க ரோட்டில் போய்விடும். அது தெரியாமல் இன்னும் ஒரு நிமிடம் ஓட்டினால் எஞ்சின் இறுகிக் கட்டியாகிவிடும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது அடியில் 'டங்' என்று கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆயில் விளக்கைப் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், உட்காருங்கள்.

முதல் சவாரி

ஒரு நாள் காலை, ரெக்கவரி வண்டியின் முதுகில் ஒரு பச்சை நிற வாகனம் வந்து இறங்கியது. இரண்டே சீட், கூரை கிடையாது, உயரம் என் இடுப்புக்குக் கீழே. கூடவே டாக்ஸியில் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் சபாபதி சார், கோயம்புத்தூர்க்காரர், பெரிய கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். அவர் மனைவி மைதிலி மேடம் ஸ்கூல் டீச்சர். வண்டி 'கிட் கார்' வகை. சட்டம் ஒரு பெட்டி, கதவு ஒரு பெட்டி என்று உதிரியாக வரும். நாமே வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். சார் மூன்று வருட லீவு நாட்களை வில்லாவின் போர்ட்டிகோவில் செலவழித்துப் பூட்டியிருக்கிறார். அன்றுதான் முதல் சவாரி. தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் ஏறியதும் சம்ப்பில் விரிசல் விழுந்துவிட்டது. சார் என்ன சத்தம் என்று யோசித்துக்கொண்டிருக்க, மேடம் சட்டென்று கையை நீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்திவிட்டார். அந்த ஒரு திருகலில் எஞ்சின் பிழைத்தது.

எஞ்சினைச் சங்கிலி போட்டு மேலே தூக்கி, சம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன். அலுமினியம். பழைய எஞ்சின் என்பதால் புதுசு கிடைக்காது என்று தயாரித்தவர்களே கைவிரித்துவிட்டார்களாம். தின்னர் ஊற்றிக் கழுவி, டார்ச்சால் சூடாக்கி, உள்ளே ஊறியிருந்த ஆயிலையெல்லாம் வியர்க்கவிட்டுத் துடைத்து, விரிசலை ஆர்கான் வாயு வெல்டிங்கில் பற்றவைத்தேன். வெளிப்பக்கம் சாக்பொடி தடவி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் பார்த்தேன். கசியவில்லை. ஆனால் இன்னொரு தடவை உடைந்தால் இதை என்னால் ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். சாருக்கு முகம் வாடிவிட்டது. மேடம்தான் சிரித்தார்: "மூணு வருஷம் பூட்டின வண்டி, முந்நூறு மீட்டர் ஓடிச்சுங்ண்ணா!"

ஜாக் நுழையாத இடம்

சம்ப்பைத் திரும்ப மாட்டினால் போதாது, அதற்குக் கீழே ஒரு காப்புத் தட்டு வேண்டும் என்று முடிவாயிற்று. அளவெடுக்க வேண்டும். சம்ப்புக்கும் ரோட்டுக்கும் நடுவே என் கை நாலு விரல்தான் போனது. டிராலி ஜாக்கைத் தள்ளினோம், நுழையவில்லை. லிஃப்டின் கைகளும் நுழையவில்லை. எங்கள் மெக்கானிக் குல்சார் பாய், பெஷாவர் பக்கத்து ஆள், ஆறடிக்கு மேல் உயரம். அவர் தரையில் கன்னத்தை வைத்து அடியில் எட்டிப் பார்த்தார். தாடியில் ஒட்டிய மண்ணோடு எழுந்து, சாப்பிட உட்கார்ந்திருந்த எல்லோரையும் கைதட்டிக் கூப்பிட்டார்.

ஆறு பேர் சேர்ந்து முன்பக்கத்தை 'யல்லா' என்று தூக்கிக் கட்டையில் வைத்தோம். அவ்வளவு லேசு. சார் பதறிப்போய், பிள்ளையைத் தூக்குகிறவர்களைச் சுற்றி வருவதுபோல் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். குல்சார் பாய் கையைத் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "யே காடி நஹி சாப், யே தோ சப்பல் ஹை!" வண்டி இல்லை, செருப்பு என்றதும் முதலில் சிரித்தவர் சார்தான்.

பதினாலு பக்கப் படம்

மறுநாள் சார் கம்ப்யூட்டரில் வரைந்த படங்களோடு வந்தார். பதினாலு பக்கம். நான் அவற்றை மரியாதையாக வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அடியில் வைத்து வெட்டி வெட்டிப் பொருத்தி அளவெடுத்தேன். நாலு மில்லி இரும்புத் தகடு. முன் விளிம்பை அகப்பை மாதிரி மேல்நோக்கி வளைத்தேன், இடித்தால் வழுக்கி ஏறட்டும் என்று. எஞ்சின் ஆடும் என்பதால் அதில் மாட்டாமல் சட்டத்தில் எட்டு போல்ட் போட்டு முறுக்கினேன். வேலை முடிந்ததும் குல்சார் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஒரு மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தார்கள். குல்சார் பாய் அடியில் போனார். பிறகு என் பெயரை மட்டும் சொன்னார். ஆயில் வடிக்கிற நட்டுக்கு நேராகத் தகட்டில் ஓட்டை வைக்க மறந்திருக்கிறேன். சரி, தகட்டைக் கழற்றலாம் என்றால், எட்டு போல்ட்டின் தலையும் ஸ்பீடு பிரேக்கர்களில் தேய்ந்து தேய்ந்து சில்லறைக் காசு மாதிரி வழவழவென்று கிடக்கிறது. ஸ்பேனர் பிடிக்க இடமில்லை. கிரைண்டரை வைத்து அறுத்துத்தான் எடுத்தேன். என் காது சூடானதற்குப் பொறி மட்டும் காரணமில்லை. சார் குனிந்து பார்த்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "உள்ளே ஊத்தறதுக்கு வழி வெச்சிருக்கீங்க செல்லையா, வெளியே எடுக்கறதுக்கு ஒவ்வொருக்காவும் ஆபரேஷன் பண்ணோணுங்களா?"

எண்பதில் சலங்கை

இரண்டாவது தகடு அலுமினியத்தில் செய்தேன், ஆறு மில்லி. ஓட்டை வைத்தேன், போல்ட் தலைகளைத் தகட்டுக்குள் புதைத்தேன். இடைவெளியைப் பற்றித்தான் இரண்டு நாள் யோசித்தேன். தகட்டைச் சம்ப்பிலிருந்து அதிகம் தள்ளி வைத்தால் ரோட்டில் தேய்க்கும். ரொம்ப நெருக்கினால் தகட்டில் விழுகிற அடி அப்படியே சம்ப்பில் விழும். ஒரு விரல் இடம் விட்டேன். எல்லாம் சரியாக வந்தது, ஆனால் எண்பது கிலோமீட்டர் வேகம் தொட்டதும் காலில் சலங்கை கட்டியது போல 'சல் சல்' என்று ஒரு சத்தம். எழுபத்தைந்தில் இல்லை, எண்பத்தைந்தில் இல்லை, எண்பதில் மட்டும். சாரின் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன். தகடு சட்டத்தோடு உரசுகிறது. பழைய லாரியின் மட்கார்டு ரப்பரை வட்டமாக வெட்டி ஒவ்வொரு போல்ட்டுக்கும் மெத்தை போட்டேன். அடங்கிவிட்டது.

அன்று மாலையே சாரிடமிருந்து போன். "சத்தம் சுத்தமாப் போயிருச்சுங்க செல்லையா. இப்பத்தான் பயமா இருக்கு, தகடே எங்கியாச்சும் கழண்டு விழுந்திருச்சோன்னு!"

ஆகஸ்ட் மாதம்

கல்ஃப் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டில் சார் தினமும் ஆயில் சூடு காட்டும் மீட்டரைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். முள் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். காரணம் எனக்குப் புரிந்தது. அடியை முழுக்க மூடிவிட்டேன், காற்று போக வழியில்லை, சம்ப் மூடி போட்ட பாத்திரம்போல வேகிறது. ஓட்டை போட்டால் தகட்டின் பலம் போகும், போடாவிட்டால் எஞ்சின் போகும். சாரும் நானும் தகட்டைக் கழற்றித் தரையில் போட்டு, அதன் இரு பக்கமும் குந்தி உட்கார்ந்து, எவ்வளவு பெரிய ஓட்டை, எத்தனை ஓட்டை என்று அரை மணி நேரம் வாதாடினோம்.

கராஜின் ஏசி ரூமில் பிள்ளைகளின் விடுமுறைப் பாட நோட்டு திருத்திக்கொண்டிருந்த மேடம் வெளியே வந்தார். சிவப்பு மைப் பேனாவால் தகட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டார். நான் அங்கெல்லாம் ஓட்டை போட்டேன், சில இடங்களில் மட்டும் ஓட்டைக்குப் பதிலாகக் கீறி, பின்பக்கம் பார்க்கிற மாதிரி மீன் செதில்போல நிமிர்த்தினேன், கல் உள்ளே வராமல் காற்று மட்டும் வெளியேற. முள் மறுநாளே இடப்பக்கம் திரும்பியது. வட்டம் போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போது மேடம் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இட்லித் தட்டுல எதுக்குங்க ஓட்டை வெச்சிருக்காங்க, அழகுக்கா?"

ரோடு பார்க்கட்டும்

சாரின் வண்டியை எங்கேயோ பார்த்துவிட்டு இங்கத்தியப் பெரியவர் ஒருவர் தேடி வந்தார். எல்லோரும் அபு ஸயீத் என்று கூப்பிடுவார்கள். வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் ஜபமாலை, அதே மாதிரி தாழ்ந்த மஞ்சள் வண்டி. தன் கையாலேயே பூட்டியது. அவருக்கும் ஒரு தகடு செய்து மாட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "ரஃபீக், பாலிஷ்?" என்றார். அடிப்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவர் விடவில்லை. கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்றார். முழு நாள் பஃபிங் சக்கரத்தோடு நின்றேன். கடைசியில் அதில் என் மூக்கைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொள்ளலாம் போல ஆயிற்று. குல்சார் பாய் உண்மையிலேயே சரிசெய்துகொண்டார்.

முதல் ஸ்பீடு பிரேக்கரில் கீறல் விழுமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை, அதையும் சொன்னேன். பெரியவர் அரபியும் இந்தியும் கலந்த பேச்சில், வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு பதில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பரவாயில்லை. மேல் பக்கத்தை ஊரே பார்க்குது. கீழ் பக்கத்தை ரோடு மட்டும்தான் பார்க்குது. அதுவும் நல்லதா ஒண்ணு பார்க்கட்டும்!"

புஜைரா போன கதை

சாருக்கு சவூதியில் அல் கோபாருக்கு மாற்றல் வந்தது. வண்டியும் கப்பலில் கூடவே போகும். அதற்கு முன் ஒரே ஒரு நீண்ட பயணம் போக வேண்டும் என்று மேடம் முடிவெடுத்தார். அவர் தம்பி கதிர் புஜைரா துறைமுகத்தில் இன்ஜினியர். "அந்தப் பொம்மை வண்டி மலை ஏறாதுக்கா, பஸ்ல வா" என்று போனில் சிரித்திருக்கிறான். ஓட்டப் போவதும் மேடம்தான். நாலாவது டெஸ்ட்டில்தான் லைசன்ஸ் கிடைத்தது அவருக்கு, அதுவும் நாற்பத்தாறு வயதில். சாருக்குத் தூக்கம் போய்விட்டது. சம்ப்புக்கு இன்னொரு தடவை அடி விழுந்தால் எஞ்சினோடு கதை கலாஸ் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் நானும் குல்சார் பாயும் லீவு நாளில் பிக்கப்பில் டூல்ஸும் ஆயில் டின்னும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினோம். புறப்படும்போது மேடத்திடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "ரோட்டுல எது கிடந்தாலும் பதறிப் பிரேக் அடிக்காதீங்க மேடம். பிரேக் அடிச்சா வண்டி மூக்கு தாழும், இருக்கிற இடமும் போயிடும்."

பாலைவனம் முழுக்க அழகாகப் போனார்கள். மேடத்தின் துப்பட்டா பறக்க, சார் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்திருக்க, பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் கையாட்டினார்கள். குல்சார் பாய் பதிலுக்கு எல்லோருக்கும் கையாட்டினார். மசாஃபி தாண்டி மலைக்குள் நுழைந்தோம். முன்னால் கல் குவாரி லாரி ஒன்று. ஒரு வளைவில் அது குலுங்கியதும், அதிலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு கல் ரோட்டில் விழுந்து உருண்டது. இடப்பக்கம் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது, வலப்பக்கம் இரும்புத் தடுப்பு. ஒதுங்க இடமில்லை. சார் "பிரேக், பிரேக்!" என்று கத்தியது எங்கள் பிக்கப் வரை கேட்டது. பின் விளக்கு எரியவில்லை. மேடம் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை மட்டும் நூல் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டார். 'டமார்' என்று ஒரு சத்தம். பச்சை வண்டி ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது.

மேடம் நிதானமாகக் கைகாட்டி ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தார். நாங்கள் ஓடினோம். சார் சீட்டை விட்டு இறங்கவில்லை. நான் ரோட்டோரச் சரளையில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தேன். தகட்டின் நடுவில் உள்ளங்கை பதிகிற அளவுக்குக் குழி. விட்டிருந்த ஒரு விரல் இடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. சம்ப்பைத் தொட்டிருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விரலை விட்டுப் பார்க்கலாம் என்றால் விரல் நுழையவில்லை. குல்சார் பாய் தன் தோள் துண்டை, துவைத்து அன்றுதான் போட்டு வந்த வெள்ளைத் துண்டை, ஒரு ஸ்பேனரில் சுற்றி இடுக்கில் விட்டு, சம்ப்பின் அடி முழுக்க ஒரு தடவை துடைத்து வெளியே இழுத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு கத்தினார்: "சூகா ஹை, செல்லா பாய்! பில்குல் சூகா!" ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அப்புறம்தான் சார் இறங்கினார். இறங்கியவர் எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே போய் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளி சாலையோரப் பழக்கடையில் தர்பூசணி வாங்கித் தின்றுவிட்டு, கடல் தெரிகிற வரை போனோம். துறைமுக வாசலில் கதிர் சிரிப்பதற்குத் தயாராக நின்றிருந்தான். மேடம் வந்து நிறுத்தியதும் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நடந்ததைக் கேட்டான். வெள்ளைச் சட்டையோடு சிமெண்ட் தரையில் படுத்து அடியில் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். எழுந்து தூசியைத் தட்டாமலேயே கேட்டான்: "வண்டியைப் பூட்டினது மாமான்னு தெரியும்க்கா. இந்தத் தட்டைப் பண்ணினது யாருக்கா?"

சுவரில் மாட்டியது

கப்பலில் ஏற்றுவதற்கு முன் சாருக்குப் புதுத் தகடு ஒன்று செய்து மாட்டினேன். இந்த முறை எந்த ஓட்டையையும் மறக்கவில்லை. எண்ணிப் பார்த்து, குல்சார் பாயையும் எண்ணச் சொன்னேன். பழைய தகட்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி ஸ்பேராகக் கொடுக்கலாம் என்று ஆன்வில் இரும்புக் கட்டையில் வைத்தேன். சுத்தியலை ஓங்கியதுதான் தாமதம், மேடம் ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

குழியோடு அப்படியே வேண்டுமாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றி, புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனார். போன வாரம் அல் கோபாரிலிருந்து ஒரு படம் வந்தது. ஹாலில், குடும்பப் படத்துக்குப் பக்கத்தில், சுவரில் அந்தத் தகடு தொங்குகிறது. கூடவே மேடத்தின் குரல்: "வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் இது என்ன ஆர்ட்டுன்னு கேக்கறாங்க செல்லையாண்ணா. நான் ஓட்டின வண்டி வாங்கின அடி, ஆனா படலைன்னு சொல்றேன். ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குது!"

ஆக, பதினாறு வருடத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: எங்கள் வேலை சரியாக இருந்தால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை, சரியில்லை என்றால் ஊரே ரோட்டில் படுத்துப் பார்க்கிறது, படுக்கிறவர்களில் முதல் ஆள் எப்போதும் நான்தான்.